மங்கு கிரீமை விட்டால் முகம் எரிகிறதா?

கேள்வி: வயது 36. தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். கன்னத்தில் மங்கு. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கிரீமை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி 8 மாதமாகப் போடுகிறேன். முதலில் நன்றாக வெளுத்தது. இப்போது 2 நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, போட்டால் அடங்குகிறது. அதில் இருக்கும் ஹைட்ரோகுவினோன் கேன்சரைக் கொண்டுவரும் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஈரல் டெஸ்ட் எடுக்கட்டுமா?

பதில்: கேன்சர் பயத்தை விடுங்கள். எலிகளுக்கு வாய்வழியே ஏகப்பட்ட அளவு கொடுத்துப் பார்த்த சோதனைகளிலிருந்து கிளம்பியது அது. மனிதர்கள் இத்தனை வருடமாக முகத்தில் பூசியும் அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. ஈரல் டெஸ்ட்டும் வேண்டாம், காசு மிச்சம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த எரிச்சல்தான். விட்டால் எரிவதும் போட்டால் அடங்குவதும் ஸ்டீராய்டுக்குத் தோல் பழகிவிட்டதற்கான அடையாளம். ட்யூபின் பின்பக்கம் பாருங்கள், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் மொமெட்டசோன் என்றோ வேறு ஏதோ '-சோன்' என்றோ இருக்கும். முதலாவது, தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும், இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் உதிரவைக்கும், இந்த இரண்டும் கிளப்பும் எரிச்சலை அடக்கத்தான் மூன்றாவதாக ஸ்டீராய்டு. நல்ல கூட்டணிதான், ஆனால் டாக்டர் கண்பார்வையில் சுமார் 8 வாரத்துக்கு! 8 மாதம் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்புக் கோடாகத் தெரியும், பருவும் பூனைமுடியும் கூட வரும். ஹைட்ரோகுவினோனையும் இப்படி வருடக்கணக்கில் இழுத்தால் சிலருக்கு அதே இடம் நீலம் கலந்த கறுப்பாகிவிடும், அதைப் போக்குவது மங்கைவிடக் கஷ்டம். அக்காவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக இன்றைக்கே ட்யூபைக் குப்பையில் போடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாக இறக்கி, தோல் ஆறிய பிறகு அசெலாயிக் அமிலம் மாதிரி மெதுவாக வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவார். கர்ப்பம் இருக்கலாம் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள், ட்ரெட்டினாயின் கூடாது. எலுமிச்சைச் சாறு பக்கமே போகாதீர்கள். சன்ஸ்கிரீன் வாங்கினால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருப்பதாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட மங்கைக் கறுக்கவைக்கும், வெள்ளை கிரீம் அதை அவ்வளவாகத் தடுக்காது.

அப்புறம், ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். "பேர் ஞாபகமில்ல டாக்டர், நீல மூடி" என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.