பதில்: மேலடுக்கில் பாஸ்பரஸ் குறைவது பிழையா?

ஏரி வண்டலை அடுக்கடுக்காக நீங்கள் அளந்ததில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. வண்டலின் பழைய அடியடுக்குகளில் பாஸ்பரஸும் கால்சியமும் அதிகம், மேலே வர வரக் குறைகிறது. 'ஏரிக்கு வயசாக ஆகச் சத்து கூடத்தானே வேண்டும்?' என்று கேட்டிருந்தீர்கள். பனியாறு விட்டுச்சென்ற ஏரிகளில் அந்தப் பாடநூல் விதி பல நேரம் தலைகீழ்.

பனியாறு பாறையை மாவாக அரைத்துப் போட்டுவிட்டுத்தான் பின்வாங்கும். அந்தத் தூளில் கால்சைட்டும் (சுண்ணாம்புக் கனிமம்) அபடைட்டும் (பாஸ்பரஸ் உள்ள கனிமம்) இருந்தால் மழைநீர் முதலில் கரைப்பது அவற்றைத்தான். அதனால் இளம் ஏரியின் நீர் காரத்தன்மையோடு இருக்கும். நாளடைவில் மண்ணிலிருந்து அவை கழுவிப்போய்விடும். மிஞ்சும் பாஸ்பரஸில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். ஏரிக்கு வந்துசேர்வது சொற்பம்.

நைட்ரஜன் கதை வேறு; அது பெரும்பாலும் பாறையிலிருந்து வருவதில்லை. அலாஸ்காவின் கிளேசியர் பே வளைகுடாவில் 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் குழு பார்த்தபோது வாய்ப்பகுதி தவிர எல்லாம் பனி. இன்று அந்தப் பனி 100 கி.மீ. பின்வாங்கியிருக்கிறது. வெளிப்பட்ட நிலத்தில் ஆல்டர் புதர்கள் வேர்முடிச்சுகள் வழியே காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்க, ஏரிகளிலும் அது ஏறியது. பிறகு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு வந்ததும் இறங்கியது. நீரும் மெல்லத் தேநீர் நிறமாகி, அமிலத்தன்மை கூடியது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மொத்த பாஸ்பரஸை மட்டும் நம்பாதீர்கள். இரும்போடு சேர்ந்தது வண்டலுக்குள்ளேயே மேல்நோக்கி நகரும். அபடைட் பகுதியைத் தனியாகப் பிரித்து அளந்துவிட்டு, அதே அடுக்குகளின் டயட்டம் (நுண்பாசி) ஓடுகளையும் நுண்ணோக்கியில் பாருங்கள். அமில நீரை விரும்பும் இனங்கள் மேலடுக்குகளில் பெருகியிருந்தால், உங்கள் ஏரியும் இதே வழியில் போயிருக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.