ஏழாவது தடவ லேலோங்குக்கு வர்ற கொண்டோ

கேள்வி: அண்ணே, நாங்க பகாவ் பக்கத்துல தோட்டத்து வீட்டுல இருக்கோம். அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, வீட்டக் காலி பண்ணணும். நீலாய்ல 3 லட்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொண்டோ, அதான் அடுக்குமாடி வீடு ஒண்ணு, பேங்க் லேலோங்குல (கடன் கட்டாதவங்க வீட்ட பேங்க் விக்கற ஏலத்துல) 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வருது. அப்பாவோட ஈபிஎஃப் (சேமநிதி) காசுல டெபாசிட் கட்டிடலாமா?

பதில்: தங்கச்சி, காலம் பூரா செம்பனைத் தோட்டத்துல ஒழச்ச காசு அது, அதனால கொஞ்சம் வெலாவாரியாவே சொல்றேன்.

மொதல்ல அந்த வெலையப் பாரு. லேலோங்குல யாரும் எடுக்கலன்னா அடுத்த தடவைக்கு ரிசர்வ் வெலைய, அதாவது ஏலம் ஆரம்பிக்கற கொறஞ்சபட்ச வெலைய, பொதுவா 10 விழுக்காடு கொறப்பாங்க. 3 லட்சம், அப்புறம் 2 லட்சத்து 70, அப்புறம் 2 லட்சத்து 43, இப்படியே எறங்கி 1 லட்சத்து 60 கிட்ட வரணும்னா ஆறு தடவ கொறச்சிருக்கணும், அதாவது ஆறு லேலோங்குல ஒருத்தரும் கை தூக்கல, இது ஏழாவது. லேலோங் வீடு வாங்கி விக்கறதையே தொழிலா வச்சிருக்கவங்க கண்ணுலயும் இது பட்டிருக்கும், அவங்களே ஏன் விட்டாங்கன்னு தெரியாம நீ போகாத. ஒருவேள அந்த 3 லட்சம் விளம்பரத்துல மட்டும் இருக்கற வெலையா இருந்தா, பாதி வெலைங்கற பேச்சே இல்ல. அதே பில்டிங்ல போன வருசம் நெசமா வித்துப் பதிவான வெல என்னன்னு ஒரு வேல்யுவர் (சொத்து மதிப்பு போடறவர்) கிட்டயோ லாயர் கிட்டயோ கேளு.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு உன் வீட்டுக்காரரோட நேர்ல போய்ப் பாரு. எத்தன வீட்டுல வெளக்கு எரியுது, லிஃப்ட் ஓடுதான்னு பாரு. மெயின்டனன்ஸ் பாக்கி வச்சவங்க பேர நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தா நின்னு படி, அந்த லிஸ்ட் நீளமா இருந்தா லிஃப்ட ரிப்பேர் பண்ணக்கூட அங்க காசு இருக்காது, நீ ஒழுங்கா கட்டினாலும் பில்டிங் பாழாத்தான் போகும். மேனேஜ்மென்ட் ஆபிஸ்ல அந்த யூனிட்டோட பாக்கியக் கேளு. மாசம் 250 வெள்ளின்னு வச்சாலும் மூணு வருசத்துக்கு 9,000, அதுக்கு மேல சிங்கிங் ஃபண்டு (பெரிய ரிப்பேருக்குச் சேத்து வைக்கற காசு) 10 விழுக்காடு. இத பேங்க் கட்டுமா நீ கட்டணுமான்னு லேலோங் நிபந்தனைப் பத்திரத்துல எழுதியிருக்கும், ஒவ்வொரு பேங்க்கும் ஒவ்வொரு மாதிரி. பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரங்க, பூர்வகுடிங்க) மட்டும்னு போட்டிருக்கான்னும் அதுலயே பாத்துக்க, போட்டிருந்தா நமக்கு அந்த வீடு இல்ல, அதோட விடு. ஸ்ட்ராட்டா பட்டா (ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியா வர்ற பட்டா) இன்னும் வரலன்னா பேர் மாத்த டெவலப்பர் கிட்டப் போகணும், அந்தக் கம்பெனி மூடியிருந்தா இழுத்தடிக்கும்.

இன்னொண்ணு, பேங்க் சாவி தராது. இருக்கற நெலையில அப்படியே விக்கறாங்க, உள்ள பழைய சொந்தக்காரர் குடும்பம் குடியிருந்தா வெளிய அனுப்பறது உன் பொறுப்பு, கோர்ட்டு வரைக்கும் போக வேண்டி வரலாம். வீட்டக் காலி பண்ணச் சொன்னா எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

எல்லாத்தையும் விட எனக்குப் பயம் அந்த டெபாசிட்தான். 10 விழுக்காடுன்னா 16,000. லேலோங்குல ஜெயிச்சிட்டு பத்திரத்துல போட்டிருக்கற கெடுவுக்குள்ள, 90 நாளோ 120 நாளோ, மீதிய கட்டலன்னா டெபாசிட் திரும்ப வராது. எங்க சித்தப்பா மகன் லோன் கெடைச்சிரும்னு நம்பி ஒரு லேலோங்குல எறங்கினான், பேங்க் போட்ட மதிப்பு கொறஞ்சு லோனும் கொறஞ்சு போச்சு, மீதிக்குக் காசு பொரட்ட முடியல. அன்னிக்கு சித்தி அழுதது இன்னும் என் காதுல இருக்கு.

லேலோங் வீடே வேணாம்னு சொல்ல வரல. மொதோ ரெண்டு தடவையிலயே வர்ற வீடு, ஆள் நடமாட்டம் உள்ள பில்டிங், பாக்கியும் கம்மின்னா நல்ல வீடாவே அமையும், அப்படி வாங்கி நிம்மதியா இருக்கறவங்களையும் பாத்திருக்கேன். இந்த வாரம் உன் வீட்டுக்காரரோட சம்பள ஸ்லிப்ப எடுத்துட்டு ரெண்டு பேங்க்குக்குப் போ, அப்பா வயசுக்கு அவர் பேர்ல நீண்ட லோன் கஷ்டம். இந்த யூனிட்டுக்கு எவ்வளவு தருவாங்கன்னு எழுத்துல வாங்கு, அது கைக்கு வர்ற வரைக்கும் அப்பா காசுல டெபாசிட்டுக்கு பேங்க் டிராஃப்ட் எடுக்காத.