வீடியோ ஃபைலைத் திறந்தாலே ஆபத்து வருமா?

கேள்வி: பல வருடமாக லேப்டாப்பில் ஒரே மீடியா பிளேயரைத்தான் வைத்திருக்கிறேன். அடிக்கடி அப்டேட் கேட்கும். படம்தான் நன்றாக ஓடுகிறதே என்று மூடிவிடுவேன். வைரஸ் சாஃப்ட்வேரில்தான் வரும், வீடியோவில் வராது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதிதான் சரி. வீடியோ ஃபைல் தானாக எதையும் செய்யாது. ஆனால் அதைப் படித்துக் காட்டும் பிளேயர் ஒரு சாஃப்ட்வேர். அதை ஏமாற்ற முடியும்.

எம்பி4 ஃபைல் என்பது அடுக்கி வைத்த பெட்டிகள் மாதிரி. ஒவ்வொரு பெட்டியின் முதல் 4 பைட்டில் அதன் அளவும், அடுத்த 4 பைட்டில் அதன் பெயரும் எழுதியிருக்கும். பிளேயர் அந்த அளவைப் பார்த்து மெமரியில் இடம் ஒதுக்கி, பெட்டிக்குள் இருப்பதை அங்கே கொட்டும். அந்த அளவையே ஒருவர் வேண்டுமென்று பொய்யாக எழுதிவைத்தால்? அந்த 4 பைட்டில், அதாவது 32 பிட்டில், அடங்கும் மிகப் பெரிய எண் சுமார் 429 கோடி. அதற்குச் சற்றே குறைவான எண் ஃபைலில் இருக்கிறது, பிளேயர் தன் கணக்குக்காக அதோடு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது என்று வையுங்கள். பழைய வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அப்படி அந்த எண் சுருங்கிவிடும். ஒதுக்கிய இடம் ஒரு கைப்பிடி, கொட்டுவதோ ஒரு மூட்டை. பக்கத்து மெமரியில் என்ன வழிந்து விழ வேண்டும் என்பதை ஃபைலைத் தயாரித்தவர் முன்கூட்டியே திட்டமிட்டிருப்பார். சரியான இடத்தில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது அவருடைய கட்டளை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆண்ட்ராய்டில் வீடியோவைப் படிக்கும் பகுதிக்கு 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்று பெயர். அதில் இதே வகை ஓட்டைகள் இருந்தது 2015 ஜூலையில் வெளியே வந்தது. எம்எம்எஸ்ஸில் ஒரு வீடியோ வந்தாலே போதும், அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. போன் தானே முன்கூட்டிப் படித்துப் பார்க்கும்போதே தாக்க வழி இருந்தது. 95 கோடி கருவிகள் வரை பாதிக்கப்படலாம் என்று கண்டுபிடித்த ஜிம்பீரியம் நிறுவனம் கணக்கிட்டது. கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் தரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓட்டையை அடைத்ததும் எந்த இடத்தில் அடைத்தோம் என்பது வெளியே தெரிந்துவிடும். திருடனுக்கும்தான். அப்டேட் வந்த பிறகும் பழைய பதிப்பிலேயே இருப்பவர் முன்பைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். தயவுசெய்து இன்றைக்கே போட்டுவிடுங்கள். உங்கள் பிளேயர் விஎல்சி என்றால், விண்டோஸில் 'ஹெல்ப்' மெனுவுக்குள் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' இருக்கும்.

கேள்வி: விஎல்சி ஒரே அப்டேட்டில் 30-க்கும் மேற்பட்ட ஓட்டைகளை அடைத்ததாகப் படித்தேன். இத்தனை ஓட்டை இருந்ததை எப்படி நம்புவது? காசு கொடுத்து வேறு பிளேயர் வாங்கிவிடலாமா?

பதில்: நீங்கள் படித்தது 2019 ஜூனில் வந்த 3.0.7 பதிப்பைப் பற்றி. ஓட்டையைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தர ஐரோப்பிய ஆணையம் பணம் ஒதுக்கியது, பலர் உட்கார்ந்து துருவினார்கள், கிடைத்ததை அடைத்தார்கள். தேடியதால் கிடைத்தது. யாருமே தேடாத பிளேயரில் ஓட்டைக் கணக்கு பூஜ்யம் என்றுதான் இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

அடுத்த மாதமே, விஎல்சியில் மோசமான ஓட்டை, உடனே நீக்குங்கள் என்று செய்திகள் பரவின. விசாரித்தால், கோளாறு விஎல்சி பயன்படுத்தும் வேறொரு லைப்ரரியில் (பல சாஃப்ட்வேர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு) இருந்தது, அதுவும் 16 மாதம் முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது. புகார் சொன்னவரின் கம்ப்யூட்டரில் பழைய லைப்ரரி இருந்திருக்கிறது. அந்தச் செய்தியை நம்பி நல்ல பிளேயரை நீக்கிவிட்டு, கண்ட இடத்தில் எதையோ இறக்கிப் போட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காசு கொடுத்தால் வசதிகள் கூடலாம். பாதுகாப்பும் கூடும் என்று சொல்ல முடியாது. இலவசமோ விலைக்கு விற்பதோ, பல பிளேயர்களுக்குள்ளே வீடியோவைப் பிரித்துப் படிப்பது எஃப்எஃப்எம்பெக் என்ற ஒரே திறந்த மூல (நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய) லைப்ரரிதான். அதில் ஓட்டை என்றால் எல்லோருக்கும் ஓட்டை. அதை யார் சீக்கிரம் அடைத்து உங்கள் கைக்குக் கொண்டுவருகிறார் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே வாங்கும் முன் விற்பவரின் இணையதளத்தில் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒன்றும் வரவில்லை என்றால் வேண்டாம். பாதுகாப்புக் கோளாறுகளை அவர்களே வெளிப்படையாக அறிவிக்கிறார்களா என்று பாருங்கள். 'வாழ்நாள் லைசென்ஸ்' என்று போட்டிருந்தால், அப்டேட்டும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்வேரை ஓட்டும் உரிமை மட்டும் வாழ்நாளுக்கு, அப்டேட் ஒரு வருடத்துக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கக்கூடும்.

பெரிய கம்பெனி என்பதும் உத்தரவாதம் இல்லை. ஆப்பிளின் குவிக்டைம் பிளேயரின் விண்டோஸ் பதிப்பில் 2016 ஏப்ரலில் இரண்டு ஓட்டைகள் வெளியாயின. ஆப்பிள் அதற்குள் அந்தப் பதிப்பையே கைவிட்டிருந்தது. அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு, அடைக்க வழியில்லை, நீக்கிவிடுங்கள் என்று அறிவித்தது.

கேள்வி: சப்டைட்டில் ஃபைல் வெறும் எழுத்துதானே, அதிலுமா?

பதில்: அதிலும்தான். 2017 மே மாதம் செக் பாயிண்ட் நிறுவனம் இதைச் செய்தே காட்டியது. விஎல்சி, 'கோடி' (Kodi) உள்ளிட்ட நான்கு பிளேயர்கள் மாட்டின, பிறகு சரிசெய்யப்பட்டன. பிளேயரே தானாகச் சப்டைட்டிலைத் தேடி எடுக்கும் வசதி இருந்தால், நீங்கள் எதையும் கிளிக் செய்யாமலேயே மாட்டிக்கொள்ளலாம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

கேள்வி: இறக்கிய படம் ஓடவில்லை, 'கோடெக் தேவை, இங்கே கிளிக் செய்யவும்' என்று வருகிறது. செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கோடெக் என்பது வீடியோவைப் பிரித்துப் படிக்கும் சாஃப்ட்வேர் பகுதி, அதைக் கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. ஃபைலை அழித்துவிடுங்கள். பெயர் எம்பி4 என்று முடிகிறதா அல்லது அதற்குப் பின்னால் இன்னொரு முடிவு ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்தே காட்டும், 'படம்.எம்பி4' என்று தெரிவது உண்மையில் 'படம்.எம்பி4.எக்ஸி'யாக, அதாவது வீடியோவே இல்லாத ஒரு சாஃப்ட்வேராக இருக்கலாம்.

கேள்வி: பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் படம் பார்க்க மட்டும் வாங்க நினைக்கிறேன்.

பதில்: செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியை, அதாவது அதில் உள்ள பாதுகாப்பு அப்டேட்டின் தேதியை, பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓரளவு நல்லது. அதிலிருந்துதான் வீடியோ கோடெக் பகுதிகளைப் போன் கம்பெனிக்காகக் காத்திராமல் கூகுள் பிளே வழியாகவே புதுப்பிக்க வழி வந்தது. அதற்கும் பழையது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.