பேரனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்களா?

கேள்வி: என் பேரனுக்கு 13 வயது. சாட்ஸ்வொர்த்தில் கிரேட் எட்டு படிக்கிறான். போன மாதம் வகுப்பில் மேசையைப் புரட்டித் தள்ளியதில் டீச்சருக்குக் கையில் அடி. அதற்கு முன்பே இரண்டு தடவை பையன்களோடு அடிதடி. மூன்றுமே சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லும் பாட வேளையில்தான் நடந்தது. இப்போது விசாரணைக்கு வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மகன் பெல்ட்டைக் கழற்றுகிறான், மருமகள் அழுகிறாள். நான் இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். சைக்காலஜிஸ்ட்டிடம் காட்டக் கையில் காசில்லை. என்ன செய்யலாம்? – ஒரு பாட்டி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்துங்கள். அதற்கு முன்னால் உங்கள் மகனிடமிருந்து அந்த பெல்ட்டை வாங்கி வையுங்கள். பெற்றோர் கண்டிப்புக்காக அடிக்கலாம் என்று சட்டத்தில் இருந்த இடத்தையும் 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்துவிட்டது. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்பதை அப்பாவே வீட்டில் செய்துகாட்டினால், பள்ளியில் மட்டும் பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா?

நீக்கிவிடுவார்களோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை அது. விசாரணையில் குற்றம் உறுதியானாலும், வெளியேற்றும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குத்தான். அப்படியே வெளியேற்றினாலும், இந்த வயதுப் பிள்ளைக்கு வேறிடத்தில் படிக்க ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. விசாரணைக்குப் பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ பையனுடன் இருக்க வேண்டும். மகனுக்கு அங்கே பொறுமை போய்விடும் என்று தோன்றினால் நீங்களே போங்கள்.

அங்கே போய் மன்னிப்புக் கேட்பதோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். டீச்சருக்கு அடிபட்டிருக்கிறது, மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். கூடவே உதவியையும் கேளுங்கள். விசாரணைக்கு ஆளாகும் மாணவனுக்கு ஆலோசனை உதவி கிடைக்கும்படி பள்ளியின் நடத்தை விதிகளிலேயே ஏற்பாடு இருக்க வேண்டும் என்று பள்ளிச் சட்டம் சொல்கிறது. 2014இல் வந்த ஆதரவுக் கொள்கைப்படி வகுப்பாசிரியர் முதலில், பையனுக்கு என்ன உதவி தேவை என்று பதிகிற எஸ்.என்.ஏ. 1 என்ற படிவத்தை நிரப்புவார். அதில் சரிவராவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2 நிரப்பி, தேவைப்பட்டால் மாவட்டக் குழுவுக்கு அனுப்பும். "எஸ்.என்.ஏ. 1 போட்டாகிவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்லிக் கேட்கிறவர்களை அலுவலகத்தில் அவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி. மூன்று சண்டையும் வாசிப்பு வேளையில். அவனை எழுந்து வாசிக்கச் சொல்கிறார்கள், எழுத்து தடுமாறுகிறது, பின்பெஞ்சில் ஒருவன் சிரிக்கிறான், மேசை புரளுகிறது, டீச்சர் வெளியே அனுப்புகிறார். இப்படி நடந்திருந்தால் கடைசியில் அவனுக்குக் கிடைத்தது என்ன? வாசிப்பிலிருந்து விடுதலை! அதாவது, தண்டனை என்று நாம் நினைத்ததே அவனுக்குப் பரிசாகிவிட்டது. இது என் ஊகம்தான், நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நடத்தை சிகிச்சை தருகிறவர் முதலில் தேடுவது இதைத்தான்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், செய்ததால் என்ன கிடைத்தது. ஒரு நோட்டில் இந்த மூன்றையும் இன்றிலிருந்தே எழுதிவையுங்கள். வீட்டுச் சண்டைகளையும் சேர்த்து. நல்ல நாளையும் குறியுங்கள், எதனால் அன்று சரியாக இருந்தான் என்பதும் முக்கியம்.

கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வாசிப்பில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுகர்ஸ் என்கிற போதைப்பொருள் புழங்குகிற ஊர், அந்தக் கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

காசைப் பற்றி: உங்கள் பகுதி கிளினிக்கில் சொல்லி அரசு மருத்துவமனையின் உளவியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அங்கே கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. காத்திருக்க நேரும், ஆகவே பள்ளி வழியையும் இதையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள். வீட்டில் ரகளை முற்றினால் சைல்ட்லைனுக்கு 116இல் பேசலாம், இலவசம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பையனை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சிகிச்சை அல்ல இது. இந்த வயதில் பாதி வேலை பெற்றோருக்குத்தான். மகன் "அவனுக்குத்தானே கோளாறு, நான் எதற்கு வரணும்?" என்பார். வரத்தான் வேண்டும். பையனையும் ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். எங்கே போகிறோம், எதற்கு என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

விசாரணைக்கு முன்பே உதவி கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதப் பேத்தியோ மருமகளோ உதவட்டும். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.