துணியில் சுற்றிய சுதந்தரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள். எங்கள் குடும்பத்தில் முதலில் இயேசுவை ஏற்றுக்கொண்டவர் என் பாட்டி. அதற்காகப் பிறந்த வீட்டின் உறவையே அவர் இழந்தார். நானோ எதையும் இழக்கவில்லை. ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் எல்லாம் வயதுக்கு ஏற்றபடி தானாக வந்து சேர்ந்தன. சபையில் மற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும்போது, சொல்ல என்னிடம் ஒன்றுமில்லையே என்று கூசிப்போகிறேன். பாட்டியின் வேதாகமம் ஒரு துணியில் சுற்றி எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் கோடுகளும் தேதிகளும் போட்டிருப்பார். தாள்கள் கிழிந்துவிடுமோ என்று பயந்து நான் அதைத் திறப்பதில்லை.

சில வாரங்களுக்கு முன் எபிரெயர் 12ஆம் அதிகாரம் வாசித்தபோது, ஒருவேளைப் போஜனத்துக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய பங்கை, விற்றுப்போட்ட ஏசாவிடம் வந்து நின்றுவிட்டேன். அவன் கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. நானும் என் பங்கை என்றோ விற்றுவிட்டேனோ? அதே வாரத்தில் என் 14 வயது மகன், "நாம் ஏன் ஜெபம் பண்ணுகிறோம்? பெரிய பாட்டி பண்ணினார்கள் என்பதற்காகவா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேவன் கொடுத்த சுதந்தரத்தை, அந்த உரிமைச் சொத்தை, மதிப்பது, காப்பது என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். நடைமுறையில் அது என்ன என்று எழுதுவீர்களா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நீங்காமல் மற்ற எதுவும் உங்கள் காதில் விழாது.

ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஏசா புசித்தான், குடித்தான், எழுந்தான், போனான். வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. அதன்பிறகுதான் "இப்படி ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை அலட்சியம்பண்ணினான்" என்று வேதம் தீர்ப்புச் சொல்கிறது. பசித்ததையோ, பேரத்தில் ஏமாந்ததையோ அது குற்றமாகச் சொல்லவில்லை, அலட்சியத்தையே சொல்கிறது. மூத்த மகனுக்கு இரண்டு பங்கு என்பது உபாகமம் 21:17இல் பிரமாணமாகவே இருக்கிறது. அந்தக் குடும்பத்திலோ அதற்கும் மேலாக, ஆபிரகாமுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் இருந்தது. ஆனால் அன்று அது வெறும் வார்த்தையாகவே இருந்தது, தம்பி யாக்கோபு விலையாகக் கொடுத்த கூழோ கண்முன்னே ஆவி பறக்க இருந்தது. கண்ணுக்குத் தெரியாதது "எனக்கு என்னத்திற்கு" என்று அவன் கேட்டான்.

அவனுடைய கண்ணீரைக் குறித்துத்தானே கலங்குகிறீர்கள்? அவன் எதற்காக அழுதான் என்பது ஆதியாகமம் 27இல் தெளிவாக இருக்கிறது. இழந்துபோன ஆசீர்வாதத்துக்காக அழுதான். விற்றுப்போட்டதற்காக அழுததாக அங்கே ஒரு வரியும் இல்லை. மாறாக, யாக்கோபு "என் சேஷ்டபுத்திரபாகத்தை எடுத்துக்கொண்டான்" என்று 36ஆம் வசனத்தில் குறை சொல்கிறான். ஆணையிட்டு விற்றவன், இன்னொருவன் எடுத்துக்கொண்டதாகப் பேசுகிறான். மனம் மாறுதல் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. நீங்களோ, யாரும் குற்றஞ்சாட்டாதபோதே, "நான் விற்றுவிட்டேனோ" என்று உங்களையே கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அலட்சியம்பண்ணுகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. நீங்கள் ஏசா இல்லை, சகோதரி.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது லூக்கா 15இல் வரும் மூத்த குமாரன்தான் என் நினைவுக்கு வந்தான். இளையவன் தன் பங்கைக் கேட்டபோது, தகப்பன் "அவர்களுக்கு" ஆஸ்தியைப் பங்கிட்டுக்கொடுத்தான் என்று 12ஆம் வசனம் சொல்கிறது. அந்தப் பன்மையைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம். இளையவன் பங்கு பெற்ற அதே நாளில் மூத்தவனும் தன் பங்கைப் பெற்றிருக்கிறான். ஆனாலும் அத்தனை வருஷமும் அந்த வீட்டில் வேலைக்காரனைப்போல ஊழியஞ்செய்து, கற்பனையை மீறாமல் நடந்து, சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கலோடு நிற்கிறான். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்பதே தகப்பனின் பதில். இளையவன் தன் பங்கை அழித்தான், மூத்தவன் தொடவே இல்லை. இரண்டாவதும் ஒரு இழப்புதான் என்று நாம் பிரசங்கங்களில் போதுமான அளவு சொல்வதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதல் ஆபத்தைவிட இதுவே அருகில் இருப்பது என்று நான் நினைக்கிறேன்.

சாட்சி இல்லை என்று கூசுகிறீர்கள். தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளியைக் கண்டு விழுந்த பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதுகிற இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்த விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும், பிறகு தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்தது என்கிறார். தீமோத்தேயுவும் உங்களைப்போல மூன்றாம் தலைமுறைதான். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் வருகிற ஒரே இடமும் இதுதான். பவுல் அவனிடம் என்னைப்போல ஒரு தமஸ்கு அனுபவத்தைத் தேடிக்கொள் என்று சொல்லவில்லை. உன்னில் உண்டான வரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடு" என்கிறார். சாம்பல் மூடிய நெருப்பைப் பார்த்தே அப்படிச் சொல்ல முடியும். அணைந்துபோன அடுப்பை யாரும் கிளறிவிடச் சொல்வதில்லை.

இனி, சுதந்தரம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பில் வரும் "சுதந்தரம்" விடுதலை என்ற பொருளில் வருவதில்லை. விடுதலைக்கு அங்கே "சுயாதீனம்" என்ற சொல் இருக்கிறது. சுதந்தரம் என்பது தகப்பன்வழி வந்த உரிமைச் சொத்து. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதையே "உரிமைப்பேறு" என்கிறது. பழைய ஏற்பாட்டில் அது முதலில் நிலம். அந்த நிலத்தையும் அறுதியாய் விற்கக்கூடாது, ஏனென்றால் "தேசம் என்னுடையது" என்று லேவியராகமம் 25:23இல் தேவன் சொல்லிவிட்டார். பெற்றவன் உரிமையாளனாகவும் இருக்கிறான், குடியிருப்பவனாகவும் இருக்கிறான். சுதந்தரத்தைக் காப்பது பற்றிய எல்லாப் போதனைக்கும் வேர் இந்த இரட்டை நிலையில்தான் இருக்கிறது. ஆசாரியனாகிய ஆரோனுக்கோ நிலமே கொடுக்கப்படவில்லை. நானே உன் பங்கும் உன் சுதந்தரமும் என்று எண்ணாகமம் 18:20இல் கர்த்தர் அவனுக்குச் சொன்னார். நிலம் இருந்த தாவீதும் அதே சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டவனைப்போல, "கர்த்தர் என் சுதந்தரமும் என் பாத்திரத்தின் பங்குமானவர்" என்று 16ஆம் சங்கீதத்தில் பாடுகிறான். நம் சுதந்தரம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மன்னிப்பும், சமாதானமும், நித்திய ஜீவனும் அவரை விட்டுத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்கள் அல்ல.

எபேசியர் 1:14 பரிசுத்த ஆவியானவரை இந்தச் சுதந்தரத்தின் "அச்சாரம்" என்கிறது. மூலத்தில் அது வியாபாரச் சொல், முன்பணம் என்று பொருள். பணத்தின் அச்சாரம் பணமாகவே இருப்பதைப்போல, வரப்போகிறது எதுவோ அதே வகையில் ஒரு பகுதி இப்போதே கையில் கிடைத்திருக்கிறது. ஜெபத்தில் எப்போதாவது தேவன் அருகில் இருக்கிறார் என்று அறிந்திருக்கிறீர்களா? அது வரப்போகிற வாழ்வின் உண்மையான ஒரு துண்டு. அதைச் சாதாரண மனநிலை என்று தள்ளிவிடாதீர்கள்.

1 பேதுரு 1ஆம் அதிகாரம் அந்தச் சுதந்தரத்தை அழியாதது, மாசற்றது, வாடாதது என்று மூன்று மறுப்புகளால் சொல்லிவிட்டு, இரண்டு காவல்களைக் குறிப்பிடுகிறது. சுதந்தரம் பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அதைப் பெறப்போகிறவர்களும் தேவனுடைய பலத்தினாலே காக்கப்படுகிறார்கள். அப்படியானால் உங்கள் கை நழுவினால் தேவனுடைய ஈவு கீழே விழுந்து உடைந்துவிடும் என்ற பதற்றம் தேவையில்லை. காப்பது முதலாவது அவருடைய வேலை.

நம்முடைய வேலை என்ன என்பதற்கு அதே பேதுரு 4:10இல் ஒரு சொல்லைத் தருகிறார்: "உக்கிராணக்காரர்". இன்று பேச்சில் அதிகம் வராத சொல். உக்கிராணம் என்றால் பண்டகசாலை. அதன் பொறுப்பாளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருப்பவன் அல்லன். வேலைக்காரருக்கு "ஏற்றகாலத்திலே படிகொடுக்கும்படி" வைக்கப்பட்டவன் என்று லூக்கா 12:42இல் ஆண்டவரே சொல்கிறார். அளந்து கொடுக்காத உக்கிராணக்காரன், ஒரு மணி தானியத்தையும் திருடாவிட்டாலும், உண்மையில்லாதவன்தான். லூக்கா 19இல், வியாபாரம்பண்ணும்படி ஒரு ராத்தல் பணம் பெற்ற ஊழியக்காரன் எஜமானிடம், "இதோ, உம்முடைய ராத்தல், இதை ஒரு சீலையிலே வைத்திருந்தேன்" என்கிறான். அவனும் திருடவில்லை, தொலைக்கவில்லை. பயந்தான், அதனால் சுற்றி வைத்தான். உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தத் துணியைப் பற்றி வாசித்தபோது இந்த வசனம் என்னைக் குத்தியது. உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பயபக்தி என்று நினைத்து நானும் பல வருஷம் இதையே செய்திருக்கிறேன். என் தாய் கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒரு சொல்லும் மாறாமல் சொல்லிவந்தேன். அதைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்ற நினைவு எப்போது போயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது.

1 இராஜாக்கள் 21இல் வரும் திராட்சத்தோட்டக்காரன் நாபோத்தை இங்கே நினைக்கவேண்டும். ராஜாவாகிய ஆகாப் அந்தத் தோட்டத்தை அவனிடம் அநியாயமாகக் கேட்டுத் தொடங்கவில்லை. இதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் விலை தருகிறேன் என்றான். ஏசாவைப்போல நாபோத் பசியில் இல்லை. பேரம் அவனுக்கு லாபம்கூட. ஆனாலும் "என் பிதாக்களின் சுதந்தரம்" என்று சொல்லி மறுத்தான், அதற்காகச் செத்தான். ராஜா அந்த இடத்தைக் கீரைக்கொல்லை ஆக்க விரும்பினான் என்பதைக் கவனியுங்கள். திராட்சத்தோட்டம் பலன் தர வருஷங்கள் வேண்டும், கீரை சில வாரங்களில் வந்துவிடும். நம்மிடம் வருகிற பேரங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பாவமான காரியத்தை யாரும் நேராகக் கேட்பதில்லை. காலையில் வேதத்தோடு இருந்த அரைமணி நேரத்தை ஒரு நல்ல வேலை கேட்கிறது, ஓய்வுநாளை ஒரு நல்ல வாய்ப்பு கேட்கிறது, விலையும் நியாயமாகவே இருக்கிறது. உங்கள் பாட்டி நாபோத்தின் வரிசையில் நிற்கிறவர். ஆனால் நாபோத்துக்கு இருந்தது வேலை நடந்துகொண்டிருந்த தோட்டம் என்பதை மறக்கவேண்டாம். உழைத்த இடத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. தொடாத இடத்தை விடுவது எளிது.

ஈசாக்கிடம் இன்னும் நேரான வழி ஒன்று இருக்கிறது. ஆபிரகாம் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டி, தகப்பன் இட்ட பேர்களையே இட்டான் என்று ஆதியாகமம் 26:18 சொல்கிறது. அதன்பின் அவனுடைய வேலைக்காரர் புதிதாகவும் தோண்டினார்கள். இரண்டு இடங்களில் வாக்குவாதம், மூன்றாவது இடத்தில்தான் வாக்குவாதம் இல்லாத துரவு, ரெகொபோத். துரவு அவனுக்குச் சுதந்தரமாக வந்தது, தண்ணீர் அப்படி வரவில்லை. அதற்கு அவன் காலத்திலும் தோண்டவேண்டியிருந்தது. நடைமுறையில் என்ன என்று கேட்டீர்கள், நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பாட்டி எந்த இடத்தில் தோண்டினாரோ அங்கே உங்கள் கையாலும் மண்ணை அள்ளுங்கள். அவர் பிடித்துக்கொண்ட ஒரு வாக்குத்தத்தத்தை எடுத்து, அது உங்கள் இன்றைய கவலையில் நிற்குமா என்று தேவனிடமே கேளுங்கள். நிற்காதோ என்று தோன்றினால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மகனில்லாமல் மரித்த செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேரும் மோசேக்கும் சபைக்கும் முன்பாக நின்று எங்களுக்கும் காணியாட்சி வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொன்னார். சுதந்தரத்தைக் கேட்டு நிற்பது அவருக்கு அவமரியாதை அல்ல.

உங்கள் மகனிடம் வருகிறேன். "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று 127ஆம் சங்கீதம் சொல்வதால், அவனும் இந்த விஷயத்துக்குள் இருப்பவன்தான். அவன் கேள்வியைக் கேட்டு நீங்கள் கலங்கியதுபோல நான் கலங்கவில்லை. யோசுவா யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டியது எதற்காக? இந்தக் கற்கள் ஏதென்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லவேண்டும் என்பதற்காக. பிள்ளை கேட்கவேண்டும் என்றே அவை வைக்கப்பட்டன. நியாயாதிபதிகள் 2:10இல் கர்த்தரையும் அவருடைய கிரியையையும் அறியாத ஒரு சந்ததி எழும்பியதே, அந்தப் பிள்ளைகள் கேட்காமல் போனார்களா, பெற்றோர் சொல்லாமல் போனார்களா என்று வேதம் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் கேள்வி வந்துவிட்டது. அவனுக்கு விளக்கத்தைவிட முதலில் வேண்டியது நடந்த கதை. பாட்டி எதை இழந்தார், அப்போது யார் அவரைத் தாங்கினார் என்று சொல்லுங்கள். எனக்கும் இன்னும் முழுவதும் தெரியாது, நானும் தேடுகிறேன் என்று சொல்வதற்கு வெட்கப்படவேண்டாம். தாய் தேடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு, தேடத் தகுந்த ஒன்று இருக்கிறது என்றாவது தெரியும்.

இந்த வாரமே ஒரு மாலையில் அந்தத் துணியை அவிழ்த்து, அவனை அருகில் வைத்துக்கொண்டு பென்சில் கோடுகளைத் தேடுங்கள். தாள் ஒன்று கிழிந்தாலும் பரவாயில்லை. எந்த வசனத்துக்கு எந்தத் தேதி என்று அவனே வாசிக்கட்டும். அந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்கள் தாயோ மூத்தவர்களோ இருந்தால் கேளுங்கள். பாட்டி அதிகமாகக் கோடு போட்டிருப்பது எந்தப் புத்தகத்தில் என்று எனக்கும் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்