மணிகரண் வெந்நீர் ஊற்றில் அப்பா குளிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள டாக்டர், அடுத்த மாதம் குடும்பத்தோடு குலு, மணாலி போகிறோம். பார்வதி பள்ளத்தாக்கில் மணிகரண் என்ற ஊரில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் குளித்தால் மூட்டுவலி போய்விடும் என்று போய்வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அப்பாவுக்கு அதே நினைப்பு. அவருக்கு 66 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின் சாப்பிடுகிறார். போன மாதம் எக்கோ எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மலை உயரம் ஒத்துக்கொள்ளுமா, சூட்டில் பிரஷர் ஏறிவிடுமா என்பதுதான் என் பயம். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்துவிடுகிறார். என் 7 வயது மகனும் வருகிறான். தண்ணீரைக் கண்டால் விடமாட்டான்.
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உயரத்தை முதலில் முடித்துவிடலாம். மணிகரண் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏற்காட்டில் அப்பா சிரமமில்லாமல் நடமாடுகிறார் என்றால் மணிகரணிலும் நடமாடுவார். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் தலைகாட்டும். அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே கீர்கங்கா என்று ஒரு ஊற்று இருக்கிறது. அது கிட்டத்தட்ட 3,000 மீட்டர், அதுவும் மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஏறிப் போக வேண்டும். யார் ஆசை காட்டினாலும் அந்த முழங்காலோடு அங்கே வேண்டாம்.

பிரஷர் விஷயத்தில் நீங்கள் பயப்படுவதற்கு நேர்மாறாக நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெந்நீரில் இறங்கியதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். அம்லோடிபினும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்த நிலையில் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், அங்கே இருப்பதோ வழுக்கும் கல் தரை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாக எழுந்து, விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நடந்தால் போதும். வெந்நீரில் ஊறிய சூட்டோடு பக்கத்தில் ஓடும் பார்வதி ஆற்றில் கால் வைப்பதும் கூடாது. பனி உருகி வரும் தண்ணீர் அது. அந்தத் திடீர் குளிரில்தான் பிரஷர் எகிறும்.

சரி, இப்போது செருப்புக்கு வருகிறேன். வயதாகிவிட்டது என்று அதைக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். 66 வயது என்பதற்காக யாருக்கும் செருப்பு கழன்றது தெரியாமல் போகாது. நீண்ட நாள் சர்க்கரை பாத நரம்புகளைப் பாதித்து உணர்ச்சியைக் குறைத்திருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். அப்படிப்பட்ட காலுக்குச் சூடு தெரியாது. 'சும்மா வெதுவெதுப்பாத்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே வெந்துபோகும். சேலத்தில் இதைப் பார்க்க இமயமலை வரை போக வேண்டியதில்லை. வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மறுநாள் கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, பாதம் பொசுங்கி ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வலிக்கவே இல்லை டாக்டர்.

மணிகரண் ஊற்றின் சூடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். நிலத்திலிருந்து வரும் இடத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அங்குள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவில் லங்கர் என்னும் அன்னதானத்துக்கான அரிசியையும் பருப்பையும் அந்தத் தண்ணீரிலேயே இறக்கி வேகவைக்கிறார்கள். குளிக்கும் தொட்டிகளில் குளிர்ந்த நீரைக் கலந்துதான் விடுகிறார்கள். ஆனால் எல்லா மூலையிலும், எல்லா நேரத்திலும் ஒரே சூடு இருக்காது. 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும். நல்ல கால் என்றால் அதற்குள் துள்ளி வெளியே வந்துவிடும். அப்பாவின் கால் அங்கேயே இருக்கும். இன்னொன்று, கோயிலிலும் குருத்வாராவிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், ஊற்றைச் சுற்றியுள்ள தரையும் சில இடங்களில் சுடும். சித்திரை மாத உச்சிவெயிலில் நம் கோயில் பிரகாரத்தில் ஓடுவோமே, அந்த ஓட்டம் அவருக்கு வராது.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மெல்லத் தொட்டு ஓரிரு விநாடியில் எடுத்துவிட வேண்டும், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்று மறுபடி தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் 'இடது', 'வலது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆறும் சரியாக வந்தாலும், செருப்புக் கதையைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் பாதத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். நைலான் இழையால் தொட்டும், இசைக்கவையின் அதிர்வை வைத்தும் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உணர்ச்சி குறைந்திருந்தால் தொட்டியில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆசைக்குக் கரையில் உட்காரவைத்து, இன்னொருவர் கையை விட்டுச் சூடு பார்த்த வெதுவெதுப்பான நீரை மக்கில் மொண்டு முழங்காலில் ஊற்றலாம். உணர்ச்சி நன்றாக இருந்தால், 40 டிகிரியைத் தாண்டாத தண்ணீரில் பத்து நிமிடம் உட்காரட்டும். குழந்தையைக் குளிப்பாட்டப் பயன்படுத்தும் சிறிய தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அங்கே ஆண்கள், பெண்கள் குளிக்கும் இடம் தனித்தனி. நீங்கள் உள்ளே போக முடியாது, ஆகவே உங்கள் கணவரோ தம்பியோ கூடவே இருக்க வேண்டும். சூடான குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள், அப்பாவுக்கு அது வேண்டாம்.

கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. மலைப்பாதையில் வண்டி தாமதமாகிச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, தள்ளாட்டம்தான் அதன் அடையாளங்கள். வெந்நீரில் இருந்து எழுந்தவருக்கும் இதே வியர்வை, இதே படபடப்பு. 'சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவோம். வெறும் வயிற்றில் குளிக்க விடாதீர்கள். சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அது கையில் இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மூட்டுவலி போகுமா? குறையும். சூட்டில் தசை இளகும், தண்ணீரில் உடல் எடை முழங்காலை அழுத்தாது. தேய்மானம் உள்ளவர்களுக்குச் சில நாள், சில வாரம் ஆறுதலாக இருக்கும். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊற்றும் வளர்த்துத் தராது. நம் ஊர் கஞ்சமலைத் தீர்த்தத்தில் நம்பிக்கையோடு குளிக்கிறவர்களை நான் தடுத்ததில்லை, மணிகரணையும் தடுக்க மாட்டேன். வலி விட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பையனுக்கு ஒரே விதி: தலையை முக்கக் கூடாது, மூக்குக்குள் தண்ணீர் போகக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா என்ற அமீபா வாழும். அது மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பவர் மிகக் குறைவு. கேரளாவில் அண்மை ஆண்டுகளில் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். இது மிக அரிதானது, ஆனால் தடுப்பது எளிது. கொதிக்கும் ஊற்றுப் பக்கம் போகும்போது அவன் கை உங்கள் பிடியில் இருக்கட்டும்.

அன்றிரவு படுக்கும் முன் டார்ச் அடித்து அப்பாவின் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் உடனே 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, தோசை மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, ஊர் திரும்பட்டும் என்று காத்திராமல், பக்கத்து ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.