“அம்மாவுக்கு சீரியஸ்” என்று சொல்லித் தம்பியை வரவழைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 47 வயது. இருபது வருஷம் சரக்குக் கப்பலில் மரைன் இன்ஜினீயராக இருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் அவன் மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டாள். குழந்தைகள் இல்லை. சென்னை ஃபிளாட்டை விற்று, கரீபியன் கடலில் கிரெனடா நாட்டுப் பக்கம் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, அதிலேயே குடியிருந்தான். 2024 ஜூலையில் அடித்த பெரில் புயலில், கரியாகூ என்கிற தீவில் அந்தப் படகு நொறுங்கிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது. “போதும்டா, ஊருக்கு வா” என்றால் வர மறுக்கிறான். ஒரு வருஷத்துக்கு மேலாக, கரையில் ஏற்றி வைத்த உடைந்த படகில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு படுக்கிறான். பகலில் படகை ரிப்பேர் பார்க்கிறான், ஊர்க்காரர்களுக்கு ஜெனரேட்டர் சரிசெய்து கொடுக்கிறான். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் மனைவி முறுக்கு போட்டு வைக்கிற, அவள் பெயர் பொறித்த எவர்சில்வர் டப்பாவில் இன்ஜெக்டரை டீசலில் ஊறப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. இது மனநோயா? “அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்லு, ஓடி வருவான்” என்கிறார் சித்தப்பா. சொல்லட்டுமா? எங்கள் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர். அந்த ரத்தம்தான் இவனையும் ஆட்டிவைக்கிறது என்று அம்மா புலம்புகிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சித்தப்பா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் தம்பி, மனைவியை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர். அந்த மனிதருக்கு “சீரியஸ்” என்று ஒரு போன் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விமானம் மாறி மாறி அவர் வந்து சேரும் வரை, ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பழைய வார்டிலேயே இருப்பார். வந்து பார்த்தால் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அப்புறம் நிஜமாகவே அம்மாவுக்கு முடியாமல் போகிற நாளில் உங்கள் போனை அவர் எப்படி நம்புவார்? உங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சமிருப்பது அந்த நம்பிக்கைதான். அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

தம்பி ஏதோ கண்மூடித்தனமாகப் போய் மாட்டிக்கொண்டார் என்கிற கோபம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது சரியில்லை. அந்தக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன். படகில் குடியிருப்பவர்கள் அந்த ஆறு மாதமும் தெற்கே ஒதுங்குவார்கள். பெரும்பாலான புயல்கள் கிரெனடாவுக்கு வடக்கே போய்விடும் என்பதால் அங்கே நிறையப் பேர் வந்து சேருவார்கள். 2004 செப்டம்பரில் இவான் புயல் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. மறு வருஷமே எமிலி புயலும் அடித்தது. ஆனாலும் அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்தொன்பது வருஷம் அந்தத் தீவுகள் பெரிய அடி எதுவும் வாங்கவில்லை. பெரில் 2024 ஜூலை 1 அன்று கரியாகூவில் கரை ஏறியபோது காற்று மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர். அதற்குப் பிறகு அது ஐந்தாம் வகைப் புயலாக, அதாவது உச்ச வகையாக, வலுத்தது. வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் அந்த அளவுக்கு ஒரு புயல் வலுத்ததாக அட்லாண்டிக் பதிவுகளிலேயே கிடையாது.

புயல் வருகிறது என்று தெரிந்தால் அங்கே படகுக்காரர்கள் டிரல் பே என்ற விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் போவார்கள். நம் முத்துப்பேட்டைக் காடு மாதிரி, சேறும் வேருமான இடம். படகின் முகத்தை மரங்களுக்குள் சொருகி, வேர்களில் கயிறு கயிறாகக் கட்டி, பின்பக்கம் நங்கூரம் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பல தலைமுறை அனுபவம் சொல்லித்தந்த பாதுகாப்பு அது. ஆனால் அத்தனை படகுகள் நெருங்கி நிற்கும்போது ஒன்று அறுத்துக்கொண்டால் பக்கத்திலிருப்பதன் மேல் விழும். அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். புயல் முடிந்தபோது அலையாத்தி மரங்களில் இலை இல்லை. தீவின் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூரை இல்லை. உங்கள் தம்பி செய்ய வேண்டியதைச் செய்தவர்தான். செய்தும் போய்விட்டது.

போனது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நாம் கார் மோதி நொறுங்கியது போல நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அதுதான் அடுப்படி, படுக்கை, பூஜை அலமாரி எல்லாம். மனைவி இறந்த பிறகு இரண்டாவது தடவையாக வீடு இழந்திருக்கிறார்.

இனி அந்த டப்பாவுக்கு வருகிறேன். உங்களையும் அம்மாவையும் நோகடித்தது அந்தப் போட்டோதான். எனக்கோ உங்கள் கடிதத்திலேயே தெம்பு தந்த வரி அது. ஏன் என்று சொல்கிறேன்.

டீசல் இன்ஜின் கடல் தண்ணீரில் மூழ்கினால் சீக்கிரமே இறுகிப்போகும். வெளியே எடுத்த உடனே நல்ல தண்ணீரால் கழுவி, இன்ஜெக்டர்களைக் கழற்றி, உள்ளே எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அது வெறும் இரும்பு. இன்று அவர் கையில் ஊறப்போட ஒரு இன்ஜெக்டர் இருக்கிறது என்றால், படகு கைக்குக் கிடைத்த முதல் சில நாட்களிலேயே அதையெல்லாம் செய்திருக்கிறார் என்று அர்த்தம். குடிக்கவே நல்ல தண்ணீர் அரிதாக இருந்த நாட்கள் அவை. அப்போதே அந்த இன்ஜின் மறுபடி ஓடும் என்று அவர் முடிவுசெய்துவிட்டார், சகோதரி. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் டப்பா. இன்ஜெக்டரின் முனையில் முடி அளவுக்கான துளைகள் இருக்கும். அவ்வழியாகத்தான் டீசல் பனி மாதிரிப் பீய்ச்சும். ஒரு துளி மண் போதும், துளை அடைத்துக்கொள்ளும். ஆகவே இறுக்கமாக மூடுகிற, துருப்பிடிக்காத பாத்திரம் வேண்டும். சேற்றுக்குள் கிடந்த படகிலிருந்து அவர் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிற பொருள்களில் அந்த டப்பாவும் ஒன்று. படகிலேயே தூசு படக்கூடாத பொருளை அதில் வைத்திருக்கிறார். அவள் பொருளை அவர் அவமதிக்கவில்லை. அவளையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கடலில் எல்லாவற்றையும் இழந்தவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் மரலின் பெய்லி ஞாபகத்துக்கு வருவார். இங்கிலாந்தின் டார்பி நகரத்துப் பெண். மாரிஸ், மரலின் என்கிற அந்தத் தம்பதி வீட்டை விற்று, ‘ஆரலின்’ என்ற படகில் நியூசிலாந்துக்குக் கிளம்பினார்கள். 1973 மார்ச் 4 அன்று பசிபிக்கில் ஒரு திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. காற்று அடைத்த ஒரு மிதவையும், ஒரு சிறு ரப்பர் படகும் மட்டும் மிச்சம். 117 நாள் மிதந்தார்கள். மழைத் தண்ணீரைக் குடித்து, சேஃப்டி பின்னை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்து, ஆமையைத் தின்று உயிரோடு இருந்தார்கள். ஏழு கப்பல்கள் அவர்களைப் பார்க்காமலே கடந்து போயின. கடைசியில் ஜூன் 30 அன்று ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் தூக்கியது.

படகு ஓட்டத் தெரிந்தவர் மாரிஸ். மனசு உடைந்து போனவரும் அவர்தான். மரலினுக்கு நீச்சல்கூடத் தெரியாது. அவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டுக்கட்டு செய்தார். கரைக்குப் போனால் என்னென்ன சமைக்கலாம் என்று கணவரோடு பேசிக்கொண்டே இருந்தார். அதைவிட முக்கியமானது, அடுத்த படகுக்குப் பிளான் போட்டது. படுக்கை எங்கே வரும், சாமான் அறை எங்கே வரும் என்று அந்த மிதவையில் உட்கார்ந்து வரைந்தார்கள். “தப்பித்துவிடுவோம்” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது மாரிஸிடம் பலித்திருக்காது. “சாமான் அறை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிற்பாடு அவர்கள் நிஜமாகவே ‘இரண்டாம் ஆரலின்’ என்ற படகில் தென் அமெரிக்காவின் தென்கோடியான பதகோனியா வரை போனார்கள்.

பெர்னார் முவாதெஸியே என்ற பிரெஞ்சு மாலுமியையும் சொல்லலாம். ஹனோயில் பிறந்தவர். 1952இல் நம் இந்தியப் பெருங்கடலின் டியகோ கார்சியாவில் முதல் படகைப் பாறையில் இழந்தார். மொரிஷியஸில் சில வருஷம் உழைத்து இரண்டாவதைக் கட்டினார். அது 1958இல் கரீபியனில், உங்கள் தம்பி இருக்கிற இடத்துக்குப் பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்டில் உடைந்தது. மூன்றாவது படகு 1982இல் மெக்சிகோக் கரையில் புயலில் அடிபட்டது. நண்பர்கள் கைகொடுக்க நான்காவதைக் கட்டினார். நம் கடற்படையின் அபிலாஷ் டாமி, பாய்ப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றும் போட்டியில், 2018இல் நடுக்கடலில் முதுகெலும்பு முறிந்து மீட்கப்பட்டவர். 2023இல் அதே போட்டியில் இரண்டாவதாக வந்தார். ஆனால் இவர்களைத் தம்பிக்கு உதாரணம் காட்ட வேண்டாம். வெட்டுப்பட்ட கையோடு வேலை செய்கிறவருக்கு வீரக் கதை பாரம்.

எல்லோரும் திரும்பக் கட்டினார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். பெரிலுக்குப் பிறகு படகை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. பழைய படகுகளுக்கு முழு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். கையிலிருந்ததெல்லாம் போன குடும்பங்கள் அவை. அவர்கள் கோழைகள் இல்லை. நாளைக்கு உங்கள் தம்பியும் “போதும் அக்கா” என்று சொன்னால், அன்றைக்கு ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்.

தங்கியவர்களைத் தாங்கியது பக்கத்துப் படகுதான். காலையில் ரேடியோவில் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பது அவர்கள் வழக்கம். யாரிடம் என்ன உபரி, யாருக்கு என்ன வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். புயல் முடிந்த கையோடு, அடி குறைவாக வாங்கிய கிரெனடாவின் தென்கரையிலிருந்து பாய்ப் படகுகளே தண்ணீரும் தார்ப்பாயும் உணவும் ஏற்றிக்கொண்டு கரியாகூவுக்கு ஓடின. கரியாகூக்காரர்களும் சாமானியர்கள் இல்லை. கடற்கரையிலேயே மரக்கலம் கட்டுகிறவர்கள். அந்தக் கலையை யுனெஸ்கோ 2023 டிசம்பரில்தான் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏழே மாதத்தில் புயல் வந்துவிட்டது. அந்த மக்களுக்கு நடுவில் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிற மனிதர் தனியாக இல்லை. இருட்டிய வீட்டில் விளக்கு எரிய வைக்கிறவருக்கு மறுநாள் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும்.

மனநோயா என்று கேட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் எழுந்து, வேலை செய்து, பிறருக்கு உதவி, அக்காவுக்குப் போட்டோவும் அனுப்புகிறவரைப் பார்த்து நான் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய நாள் எது என்று சொல்கிறேன். அடுத்து செய்யப்போகிற வேலையைப் பற்றி அவர் பேச்சு நின்றால், போட்டோவில் அரைகுறை வேலை அப்படியே கிடந்தால், பகலெல்லாம் தூங்கினால், கவனியுங்கள். அங்கே ரம் மலிவு. சாயங்காலக் குடி காலைக்கு நகர்ந்தாலும் கவனியுங்கள். அப்போது போனில் அழுது பிரயோஜனமில்லை. குடும்பத்தில் ஒருவர் கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட்டை இப்போதே தயார் செய்து வையுங்கள். உங்கள் தூக்கத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்காவாக உரிமையோடு கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? அடுத்த ஜூனில் படகு எங்கே இருக்கும்? உனக்கு முடியாவிட்டால் எனக்குப் போன் செய்யப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர் நம்பர் என்ன? இவற்றுக்கு மழுப்பினால் விடாதீர்கள். “எப்போ வர்றே?” என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் போன் பேச்சு சுருங்கிப்போயிருக்கும்.

தாத்தாவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை. கொழும்புக்குப் பாய் விரித்து ஓடிய தூத்துக்குடித் தோணியின் தண்டல் வீட்டில், திரும்பி வராத நாட்களை எண்ணியபடி பாட்டியும் அம்மாவும் இருந்திருப்பார்கள். அம்மாவின் பயம் இன்றைக்கு வந்ததில்லை. தோணி பழுதாகி வந்தால் தாத்தா என்ன செய்வார், யார் பாய் தைப்பார்கள், எத்தனை நாளாகும் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும். அதைத் தம்பியும் கேட்கட்டும்.

நமக்கு மாலை ஆறு மணி என்றால் கரியாகூவில் காலை எட்டரை. வெயில் ஏறுவதற்கு முன் அவர் டீ குடிக்கிற நேரமாக இருக்கும். இன்றைக்கு அந்த நேரத்துக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுங்கள். அழாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “டப்பாவுல போட்டது ஊறிடுச்சாப்பா?”